‘ஷல்’லும் ‘மே’யும்: இரண்டு சின்ன ஆங்கிலச் சொற்களும் நமது மொழி உரிமையும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 10, 11 ஆங்கில வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்கும். “சேர், ‘ஷல்’ என்று ஒருத்தரும் கதைக்கிறதக் கேட்டதே இல்லையே. படத்துலயும் இல்ல, கிரிக்கெட் வர்ணனையிலயும் இல்ல. பிறகென்னத்துக்கு அதைப் படிக்கிற?”

நியாயமான கேள்விதான். பேச்சு ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் நம் நாட்டின் சட்டங்களுடைய ஆங்கிலப் பிரதியைத் திறந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் அது இருக்கும். அரச அலுவலகத்துக்கு நாம் எந்த மொழியில் கடிதம் எழுதலாம், எந்த மொழியில் நமக்குப் பதில் வர வேண்டும் என்ற விடயத்தில் 1956 முதல் இன்றுவரை சட்டம் பேசுவது அந்த ‘ஷல்’லாலும் அதற்குப் பக்கத்தில் நிற்கும் ‘மே’யாலும்தான். எனவே இது வெறும் இலக்கணப் பாடம் அல்ல, நமது வரலாறும் இதற்குள் இருக்கிறது.

*இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?*

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஆங்கிலத்தில் இந்த ஒன்பதும் தனிச்சாதி. மற்ற வினைச்சொற்களைப் போல இவை கடைசியில் ‘எஸ்’ எடுக்காது, ‘இங்’ எடுக்காது, பின்னால் ‘டு’ வராது. முக்கிய வினைக்கு முன்னால் நின்று, அந்த வேலையைச் செய்பவரின் நிலை என்ன என்று சொல்லும். அவருக்கு முடியுமா, விருப்பமா, கட்டாயமா, அனுமதியா, அல்லது நடக்கக்கூடும் என்ற ஊகம் மட்டுமா என்பது இவற்றால்தான் தெரியும்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இவை எல்லாம் சாதாரண வினைச்சொற்கள். ‘ஷல்’லின் மூதாதைச் சொல்லுக்குப் பொருள் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அதே வேரிலிருந்து வந்த சொல் இன்றும் கடனையும் குற்றத்தையும் குறிக்கிறது. ‘வில்’லுக்குப் பொருள் ‘விரும்புகிறேன்’. ‘கேன்’ என்றால் ‘அறிவேன்’. ‘மே’ என்றால் ‘எனக்குப் பலம் இருக்கிறது’. ஆங்கிலத்தில் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் இன்றும் வலிமையைக் குறிப்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம்.

‘மஸ்ட்’டின் கதைதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. அதன் பழைய வடிவத்துக்குப் பொருள் ‘எனக்கு அனுமதி உண்டு’ என்பது. அன்று பலத்தைச் சொன்ன ‘மே’ இன்று வெறும் அனுமதியாக மெலிந்துவிட்டது. அன்று அனுமதியைச் சொன்ன சொல் இன்று ‘மஸ்ட்’ என்ற கடும் கட்டளையாக நிற்கிறது. காலம் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டது.

தமிழ் பேசும் நமக்கு இது புதிதல்ல. ‘கடன்’ என்ற சொல்லிலிருந்துதானே நமக்கும் ‘கடமை’ வந்தது! ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்றால் ஆசை, ‘நீ பள்ளிக்குப் போக வேணும்’ என்றால் கட்டாயம். ஒரே ‘வேண்டும்’ இரண்டு வேலையும் பார்க்கிறது. ‘நீந்தத் தெரியும்’ என்று அறிவைச் சொல்லும் வினையால் திறமையைச் சொல்கிறோம், ‘கேன்’ வந்த வழியும் அதுதான். ‘தர ஏலுமா?’ என்று கேட்கும்போது எதிரே இருப்பவரின் பலத்தையா விசாரிக்கிறோம்? மரியாதையாக உதவி கேட்கிறோம். ஆங்கிலத்தில் ‘கேன் யூ’ என்று கேட்பதும் அப்படித்தான்.

*ஒரு கணித மேதை போட்ட விதி*

‘ஷல்’, ‘வில்’ இரண்டில் எதை எங்கே போடுவது? பழைய ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்புகளில் ‘ஷல்’ நிறைய வரும். 1611 இல் வந்த மன்னர் ஜேம்ஸ் பதிப்பின் கட்டளைகள் எல்லாம் அந்தச் சொல்லில்தான் இருக்கின்றன. மக்கள் பேச்சிலோ ‘வில்’ ஓங்கியது. இந்தக் குழப்பத்துக்கு முதலில் விதி எழுதியவர்களில் முக்கியமானவர் ஜோன் வாலிஸ். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். முடிவிலியைக் குறிக்க, படுத்த எட்டுப் போன்ற ஓர் அடையாளம் போடுகிறோமே, அதை 1655 இல் அறிமுகப்படுத்தியவர் அவர்தான்.

1653 இல் அவர் இலத்தீன் மொழியில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். நோக்கம், வெளிநாட்டவர் ஆங்கிலம் படிப்பது. அதில் அவர் சொன்னதன் சுருக்கம் இது. ‘நான்’, ‘நாம்’ என்பவற்றோடு ‘ஷல்’ வந்தால் நடக்கப்போவதைச் சும்மா சொல்வது, ‘வில்’ வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல். ‘நீ’, ‘அவர்’ என்பவற்றோடு வந்தால் அப்படியே தலைகீழ். அங்கே ‘வில்’ சும்மா சொல்வது, ‘ஷல்’ வாக்குறுதி அல்லது மிரட்டல்.

இந்த விதியை வைத்து ஆங்கிலேயர் ஒரு பகிடிக் கதையும் கட்டினார்கள். ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரர் ஒருவர் ‘ஐ வில் ட்ரவுன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கத்தினாராம். ‘நான் மூழ்கப் போகிறேன், காப்பாற்ற ஆளில்லை’ என்று சொல்லத்தான் நினைத்தார். விதிப்படி அதன் பொருளோ ‘மூழ்குவேன் என்று முடிவெடுத்துவிட்டேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்பது. கரையில் நின்ற இலக்கணம் தெரிந்தவர்கள் அவர் விருப்பத்தை மதித்துப் பேசாமல் நின்றார்களாம்!

நமது தாத்தா, வாப்பா காலத்துப் பள்ளிக்கூடங்களில் இந்த விதியைப் பிரம்போடு படிப்பித்தார்கள். இன்று இங்கிலாந்திலேயே அதைப் பார்த்துப் பேசுபவர் மிகக் குறைவு.

*பேச்சில் ஒன்று, எழுத்தில் ஒன்று*

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் ‘ஷல்’ பெரும்பாலும் கேள்வியில் மட்டும் வாழ்கிறது. ‘ஷல் வீ கோ?’ என்றால் ‘போவமா?’ அனுமதி கேட்க ‘மே’ இருந்த இடத்தில் ‘கேன்’ வந்துவிட்டது. நம் வகுப்பறைகளில் மட்டும் பிள்ளைகள் இன்னும் ‘மே ஐ கோ அவுட் சேர்’ என்று கேட்கிறார்கள், நல்லதுதான். கட்டாயத்தைச் சொல்ல ‘மஸ்ட்’டை விட ‘ஹேவ் டு’ அதிகம். ‘கேன்’னுக்குப் பதில் ‘குட்’, ‘வில்’லுக்குப் பதில் ‘வுட்’ போட்டால் மரியாதை கூடும்.

இங்கே நமது பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘எனக்கு இரண்டு நாள் லீவு தர வேண்டும்’ என்று தமிழில் எழுதினால் அது பணிவான வேண்டுகோளாக இருக்கலாம். அதை அப்படியே ‘யூ மஸ்ட் கிவ் மீ லீவ்’ என்று எழுதினால் அதிபருக்கே உத்தரவு போட்டதாகிவிடும்! ஆனால் கலியாணத்துக்கு அழைக்கும்போது ‘யூ மஸ்ட் கம்’ என்பது உத்தரவு இல்லை. ‘கட்டாயம் வரணும்’ என்று நாம் சொல்லும் அதே அன்பு அது. சொல் ஒன்றுதான், யார் யாருக்கு எங்கே சொல்கிறார் என்பதில் கனம் மாறுகிறது.

இன்னொன்று, ‘மஸ்ட் நொட்’டும் ‘டோன்ட் ஹேவ் டு’வும் ஒன்றல்ல. முதலாவது ‘செய்யக் கூடாது’, இரண்டாவது ‘செய்யத் தேவையில்லை’. பரீட்சையில் இது ஒரு புள்ளி. மருந்துப் போத்தலிலோ இயந்திரத்தின் எச்சரிக்கைப் பலகையிலோ அது உயிர்.

*மத்ரஸாவில் படித்ததை நினைத்துப் பாருங்கள்*

இந்தப் படித்தரங்களை நமது பிள்ளைகளுக்கு விளக்க மிக இலகுவான வழி, அவர்கள் சின்ன வயதிலேயே ஓதிய ஐந்து சட்டங்கள்தான். பர்ளு, சுன்னத், முபாஹ், மக்ரூஹ், ஹராம். ‘மஸ்ட்’ பர்ளு மாதிரி. ‘ஷுட்’ சுன்னத் மாதிரி. ‘மே’ முபாஹ் மாதிரி, செய்தாலும் சரி, விட்டாலும் சரி. ‘ஷுட் நொட்’ மக்ரூஹ் மாதிரி. ‘மஸ்ட் நொட்’ ஹராம் மாதிரி. படிப்பிக்க உதவும் ஓர் உவமைதான் இது, அதற்கு மேல் கொண்டு போகத் தேவையில்லை.

ஆனால் உவமைக்கு அப்பால் ஓர் உண்மையான ஒற்றுமை இருக்கிறது. ஒரு வசனத்தில் கட்டளை வடிவம் வந்தால் அது எப்போதும் கட்டாயம்தானா என்ற கேள்வியை நமது இமாம்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்தார்கள். உஸூலுல் ஃபிக்ஹ் கலையில் இது ஒரு பெரிய பாடம். ஜும்ஆ முடிந்ததும் பூமியில் கலைந்து செல்லும்படி குர்ஆனில் வருவது சொல்லளவில் கட்டளை. ஆனால் தொழுதவுடன் கடைக்குப் போவது பர்ளு என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்லவில்லை, அது அனுமதி என்றே விளங்கினார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரா பகராவில் வருவதும் கட்டளை வடிவம்தான். அதைப் பெரும்பாலானோர் வலியுறுத்தப்பட்ட நல்வழி என்றும், சிலர் கட்டாயம் என்றும் விளங்கினார்கள்.

சொல்லின் வடிவம் ஒன்று, அது சுமக்கும் கனம் இன்னொன்று. எதை எதால் தீர்மானிப்பது? இதே கேள்வியோடுதான் ஆங்கிலச் சட்ட உலகம் ‘ஷல்’லைச் சுற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

*நமது நாட்டுச் சட்டத்தில் இந்த இரண்டு சொற்கள்*

பொதுவாக ஆங்கிலச் சட்ட எழுத்தில் ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘மே’ என்றால் அதிகாரம் உள்ளவரின் விருப்பத் தெரிவு. இதை மனதில் வைத்துக்கொண்டு நமது நாட்டின் கதையைப் பாருங்கள்.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கான காவல் என்று சொல்லப்பட்டது. எந்தச் சமயத்தையும் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டமோ, ஒரு சமூகத்துக்கு மட்டும் சுமை ஏற்றும் சட்டமோ ஆக்கப்படக் கூடாது என்று அது ‘ஷல்’ போட்டுச் சொன்னது. மீறி ஆக்கினால் மீறிய அளவுக்கு அது செல்லாது என்பதற்கும் ‘ஷல்’.

1956 இல் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் சட்டங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டன. சிங்களம் இலங்கையின் ஒரே அரசகரும மொழி என்பதை அந்தச் சட்டம் ‘ஷல் பி’ என்று நிலைநாட்டியது. அதே வாக்கியத்தின் பின்பகுதியில், உடனடியாக மாற முடியாத இடங்களில் இதுவரை இருந்த மொழிகள் தொடர்ந்து பாவிக்கப்படுவதற்கு ‘மே’ போடப்பட்டது. அதுவும் 1960 டிசம்பர் 31க்கு முன் மாற்றம் முடியும் வரைக்கும்தான். ஒரு மொழிக்கு ‘ஷல்’, மற்ற மொழிகளுக்குத் தவணை வைத்த ‘மே’.

1958 மே மாத வன்செயல்களுக்குப் பிறகு, அந்த வருடமே 28 ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதை ஊன்றி வாசித்தால் ஆச்சரியம் வரும். தமிழ் மூலம் கல்வி கற்பதற்கும், அரச சேவைக்கான பரீட்சையைத் தமிழில் எழுதுவதற்கும் உரித்து உண்டு என்று ‘ஷல்’ போட்டிருக்கிறது. பரீட்சை விடயத்தில் பிறகு சிங்கள அறிவு பெற வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. ஆனால் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவதற்கும், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடத்துவதற்கும் போட்டது ‘மே’. அந்த ‘மே’ உயிர்பெற வேண்டுமானால் ஒழுங்குவிதிகள் வர வேண்டும். ஒழுங்குவிதிகளை அமைச்சர் ஆக்கலாம் என்று அங்கேயும் ஒரு ‘மே’.

‘மே’க்குள் ‘மே’. ஆக்கலாம் என்றால் ஆக்காமலும் விடலாம்தானே? அந்த ஒழுங்குவிதிகள் வந்தது 1966 இல். எட்டு வருடம் கழித்து! அப்போதும் கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, அவசரகால நிலை.

ஒரு சொல் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1957 இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் அடுத்த வருடமே கைவிடப்பட்டது, 1959 இல் பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் அப்படி இருந்தது. ஆனால் ஒழுங்குவிதிகளை இன்ன திகதிக்குள் ஆக்கியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருந்திருந்தால், ஆக்காத அமைச்சரிடம் கணக்குக் கேட்க ஒரு பிடி இருந்திருக்கும். ‘மே’ அந்தப் பிடியைத் தரவில்லை. தமிழ் மூலம் படித்தவர்கள் என்று சட்டம் சொன்னபடியால் இது தமிழ்ச் சகோதரர்களின் கதை மட்டுமல்ல, தமிழில் படித்த முஸ்லிம்களாகிய நமது கதையும்தான்.

இன்னொரு வழக்கையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். அவருடைய வாதத்தின் சாரம், 29 ஆம் பிரிவின் ‘ஷல்’லுக்கு முன்னால் 1956 இன் ‘ஷல்’ நிற்காது என்பது. 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்றது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம் வழக்காடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்குப் பதில் வருமுன் 1972 இல் புதிய யாப்பு வந்துவிட்டது. 29 ஆம் பிரிவு அதில் இல்லை.

*1987: நமக்கும் ஒரு ‘ஷல்’*

1978 யாப்பு தமிழைத் தேசிய மொழி என்றது, அரசகரும மொழி என்று சொல்லவில்லை. 1987 நவம்பரில் வந்த 13 ஆம் திருத்தம்தான் தமிழும் அரசகரும மொழி என்று ‘ஷல் ஆல்ஸோ பி’ போட்டது. 31 வருடம் கழித்துத் தமிழுக்கு ஒரு ‘ஷல்’. சிங்களத்துக்கு முன்னால் ‘த’ இருக்கிறது, தமிழுக்கு ‘அன்’னும் ‘ஆல்ஸோ’வும்தான் என்று குறை சொல்வோர் உண்டு. அது வேறு விவாதம். 1988 இன் 16 ஆம் திருத்தம் இன்னும் ஒரு படி போனது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் ஒருவருக்கு அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்து உண்டு என்று ‘ஷல்’ போட்டது. காலியில் இருக்கும் ஒரு முஸ்லிம் தாய்க்கும் குருநாகலில் இருக்கும் ஒரு வியாபாரிக்கும் அந்த உரித்து இன்றும் உண்டு.

இங்கே தமிழ் வாசகர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டுச் சட்டத் தமிழில் ‘ஷல்’லை ‘ஆதல் வேண்டும்’, ‘இருத்தல் வேண்டும்’ என்ற பாணியில் மொழிபெயர்ப்பார்கள். ‘அரசகரும மொழியாதல் வேண்டும்’ என்று வாசித்தால் சாதாரண காதுக்கு அது ஓர் ஆசை மாதிரிக் கேட்கும், இனிமேல்தான் ஆக வேண்டும் என்பது மாதிரி. அப்படி அல்ல. சட்டத்தில் அது ஆகிவிட்டது என்பதே பொருள். ‘வேண்டும்’ என்பதற்கு நம் பேச்சில் இருக்கும் அந்த ஆசைப் பொருள் நமது உரிமையையே கோரிக்கை போலக் காட்டிவிடுகிறது. சட்டத் தமிழில் ‘வேண்டும்’ வந்தால் கெஞ்சல் இல்லை, கட்டாயம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

‘ஷல்’ இருந்தும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். உரிமையைக் கேட்க ஆளும், கேட்டால் விசாரிக்க இடமும் இல்லாவிட்டால் ‘ஷல்’லும் கடதாசியில் கிடக்கும். அதற்காகத்தான் 1991 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அங்கே முறையிடலாம். நம்மில் எத்தனை பேர் முறையிட்டிருக்கிறோம்?

இதோடு 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஓர் ஆணைக்குழு. இங்கே ‘ஷல்’லோடு நாளும் இருக்கிறது, பொறுப்பாளரும் இருக்கிறார். 1958 சட்டத்தில் இல்லாமல் போனது இவைதான்.

*உலகத்திலும் இதே கதை*

1917 நவம்பர் 2 ஆம் திகதிய பல்பர் பிரகடனத்தை எடுங்கள். அறுபது எழுபது சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். யூதர்களுக்கான தேசிய இல்லம் என்று வரும் இடத்தில் பிரித்தானிய அரசே எழுவாயாக நின்று, ‘வில்’ போட்டு, தன் முயற்சியை வாக்களிக்கிறது. பலஸ்தீனில் ஏற்கெனவே வாழும் மக்களின் சிவில், சமய உரிமைகள் என்று வரும் இடத்திலோ, அவற்றுக்குப் பாதகமாகக்கூடிய எதுவும் செய்யப்படாது என்று ஒரு ‘ஷல்’. யார் செய்யாமல் இருப்பார்? யார் பாதுகாப்பார்? வாக்கியத்தில் ஆள் இல்லை. அவர்களுடைய அரசியல் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘ஷல்’ பெரிய சொல்தான், ஆனால் செய்பவர் பெயர் இல்லாத ‘ஷல்’ யாரையும் பிடிக்காது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் நமக்குத் தெரியாது.

இன்னொன்று அண்மையது. 2015 டிசம்பர் 12, பாரிஸ் காலநிலை ஒப்பந்தம். கடைசி வரைவில், வளர்ந்த நாடுகள் புகை வெளியேற்றத்தைக் குறைக்கும் இலக்குகளில் முன்னிற்பது பற்றிய இடத்தில் ‘ஷல்’ இருந்தது. அமெரிக்கக் குழு அதிர்ந்து போனது. ‘ஷல்’ என்றால் சட்டக் கட்டாயம், அதற்கு அவர்களுடைய செனட் சபையின் சம்மதம் தேவைப்படும், அது கிடைக்காது. கடைசியில் அது தட்டச்சுப் பிழை போன்ற தொழில்நுட்பத் திருத்தமாக வாசிக்கப்பட்டு ‘ஷுட்’ ஆனது. அதன் பிறகே ஒப்பந்தம் நிறைவேறியது. பர்ளு சுன்னத்தாக மாறியது மாதிரி!

இவ்வளவு தொல்லை தருவதால் பல நாடுகள் ‘ஷல்’லையே கைவிட்டு வருகின்றன. 1995 இல் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டம் எழுதுவோர் சில வேளை ‘ஷல்’லை ‘ஷுட்’, ‘வில்’, ஏன் ‘மே’ என்ற பொருளில்கூடப் பாவிக்கிறார்கள் என்று குறிப்பிட்டது. தென்னாபிரிக்கா 1993 இன் இடைக்கால யாப்பை ‘ஷல்’லில் எழுதியது, 1996 இன் யாப்பை ‘மஸ்ட்’டில் எழுதியது. அவுஸ்திரேலியாவின் சட்ட வரைஞர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அமெரிக்காவின் சமஷ்டி சிவில் நடைமுறை விதிகள் 2007 இல் திருத்தி எழுதப்பட்டபோது ‘ஷல்’ நீக்கப்பட்டது. சாதாரண மனிதனுக்கும் விளங்கும் சொல்லில் சட்டம் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

*நமக்கு என்ன வேலை?*

வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் கையில் வந்தால் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பம் வைக்காதீர்கள். தங்குமிடம், விமான டிக்கட், மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றுக்கு முன்னால் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள். ‘ஷல் ப்ரொவைட்’, ‘மஸ்ட் ப்ரொவைட்’ என்றால் கேட்டு வாங்கலாம். ‘மே ப்ரொவைட்’ என்றால் அவர்கள் விரும்பினால்தான். ‘வில் என்டெவர்’ என்றால் முயற்சி செய்வார்கள், அவ்வளவுதான். ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

ஊரில் சங்கங்களுக்கு, பள்ளிவாசல் நிருவாகத்துக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு யாப்பு எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ‘வருடாந்தப் பொதுக்கூட்டம் நடத்தப்படலாம்’ என்று எழுதினால் நடத்தாவிட்டாலும் யாரும் கேட்க ஏலாது. ‘செயலாளர் ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும், கணக்கறிக்கையைப் பொருளாளர் அங்கே வாசிக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். யார், என்ன, எப்போதைக்குள் ஆகிய மூன்றும் இருக்கட்டும். செயப்பாட்டு வினையில் எழுதி ஆளை மறைக்காதீர்கள். அமானிதமான பணத்துக்கும் பதவிக்கும் ‘லாம்’ போட்டு வைப்பதுதான் பிறகு ஊரில் வரும் பல சச்சரவுகளுக்கு வித்து.

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுங்கள். பதில் தமிழில் வராவிட்டால் கோபப்படாமல், யாப்பின் உறுப்புரையைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சகோதர மொழியான சிங்களத்தையும் படிப்போம், ஆங்கிலத்தையும் படிப்போம். அது நமக்குப் பலம். ஆனால் தமிழில் பதில் பெறுவது யாரும் தரும் சலுகை அல்ல என்பதையும் தெரிந்து வைத்திருப்போம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பதிவை அவர்களுக்கு வாசிக்கக் கொடுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தின் யாப்பில் ‘லாம்’ எத்தனை இடத்தில் இருக்கிறது, ‘வேண்டும்’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் திருத்த வேண்டியவற்றைச் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.